இரண்டாம் இராசாவுக்கும் ஓர் இடம்



யாழ்ப்பாணக் கரையோர ஊர்களில் ஆடப்படும் தென்மோடிக் கூத்துகளில் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. கதையில் இராசா ஒருவர்தான். மேடைக்கு இராசாவாக வருகிறவர்களோ இருவர், மூவர், சில கூத்துகளில் அதற்கும் மேல். முதலாம் இராசா கொலுவில் நின்று பாடிவிட்டு உள்ளே போவார். நடுச்சாமம் கடந்து வருகிறவர் இரண்டாம் இராசா. விடியப்போகிற நேரத்தில் வருகிறவர் மூன்றாம் இராசா. உயரம் வேறு, குரல் வேறு, நடை வேறு. ஆனாலும் பார்த்திருக்கிற சனம் குழம்புவதில்லை. இவரும் அந்த இராசாதான் என்று ஏற்றுக்கொள்ளும். யாருடைய பாட்டு எடுப்பு என்று அடுத்த நாள் சந்தையில் நின்று கதைக்கும்.

விடிய விடிய உச்சத்தில் பாடுவதற்கு ஒரு தொண்டை காணாது என்பது இதற்கு ஒரு காரணம். ஊருக்குள் பாடக்கூடியவர்களும் ஆசைப்படுகிறவர்களும் நிறையப் பேர், எல்லோருக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. கலையையும் கல்வியையும் பற்றிய கட்டுரைகளை இந்த இதழுக்காகப் படித்துத் தொகுத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவில் வந்தவர் இந்த இரண்டாம் இராசாதான். பிறருடைய நிலையில் நின்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி, ஒருவரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்ளும் குணத்தை வளர்ப்பது எப்படி என்று உலகமெங்கும் கல்வியாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குருநகர் போன்ற ஊர்களிடம் அதற்கு ஒரு விடை இருக்கிறது. நமது பாடசாலைகள் அதைக் கேட்டுப் பார்க்கவில்லையே என்பது என் ஆதங்கம்.

அண்மையில் குருநகரில் மண்டபம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகள் கூத்துப் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்ரிக் கதிரைகளைச் சுவரோடு அடுக்கி நடுவிலே இடம் எடுத்திருந்தார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒரு வாங்கில் இருந்தார். மடியில் கொப்பி, பக்கத்தில் மத்தளக்காரர். மட்டையில் தங்கத் தாள் ஒட்டிய முடி ஒன்றே ஒன்று. முதலில் அதை வைத்திருந்த பையன் நல்ல குரல்காரன். அவன் பாட்டை எடுத்தால் வெளியே வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவனுடைய பங்கு முடிந்ததும் அண்ணாவியார் முடியைக் கழற்றச் சொன்னார். அதை வாங்கித் தலையில் வைத்த மற்றப் பையனுக்குக் குரல் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாம் இராசாவும் சிரித்தான்.

அண்ணாவியார் அதட்டவில்லை. "தம்பி, இப்ப நீ இராசா இல்லை. அவன்தான் இராசா. நீ பின்னாலை நிண்டு அவன்ரை பாட்டை ஏந்து" என்றார். கூத்தில் பிற்பாட்டு என்பது அதுதான். முன்னால் நிற்பவன் விட்ட அடியைப் பின்னால் நிற்பவர்கள் பிடித்து ஏற்றிக்கொடுக்க வேண்டும். அந்தக் குரல்காரன் தன் சுருதியைக் குறைத்துக்கொண்டு மற்றவனுடைய சுருதிக்கு இறங்கி வந்தான். இரண்டாவது முறை பாடும்போது பயந்த பையனின் குரல் மண்டபத்தின் பின்வரிசை வரைக்கும் வந்தது. அடுத்த காட்சியில் முதலாம் இராசா சேவகன். சற்று முன்னர் தான் பார்த்துச் சிரித்தவனுக்கு முன்னால் குனிந்து நின்று ஓலை கொடுத்தான்.

நமது பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கல்வி என்று ஒரு பாடம் உண்டு. பிறரை மதித்தல், வேற்றுமையை ஏற்றல், ஒத்துழைத்தல் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றை எழுதிப் படித்துப் புள்ளி எடுக்கலாம். குரலைத் தாழ்த்தி மற்றவனுடைய குரலை ஏந்துவதை எந்தக் கொப்பியில் எழுதிப் படிப்பது? அது உடம்பாலும் மூச்சாலும் பழகவேண்டிய காரியம்.

குருநகரை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். கரையூர் என்று முன்னர் அழைக்கப்பட்ட ஊர் இது. யாழ்ப்பாண நகரத்தின் தென்கரையில் கடனீரேரியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. கடற்றொழில் செய்யும் மக்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர். புனித யாகப்பர் ஆலயமும் அதைச் சுற்றிய வாழ்வும், ஐந்துமாடிக் குடியிருப்பும், ஒரு காலத்தில் பலருக்கு வேலை கொடுத்த சீநோர் வலைத் தொழிற்சாலையும் அந்த ஊரின் அடையாளங்கள். கூத்தும் அப்படித்தான். ஞானசவுந்தரி, எஸ்தாக்கியார், சங்கிலியன், கண்டி அரசன் என்று புனிதர் கதையும் அரசர் கதையும் இந்தக் கரையோர ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்திருக்கின்றன.

இந்த ஊர் பட்டதும் கொஞ்சமல்ல. 1986 யூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன முப்பதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13 அன்று யாகப்பர் ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது குருநகரும் நடந்தது. இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்தவர்கள். குண்டுச் சத்தம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களின் வீட்டில் வளர்கிறார்கள். திடீரென்று கோபப்படும் அப்பாவோடும் கதவைத் திறந்துவிட்டுத் தூங்க முடியாத அம்மம்மாவோடும் வாழ்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கும் கரையோரத்துப் பள்ளிகளுக்கும் இடையில் நடந்துபோகிற தூரம்தான். மனத்தால் அந்தத் தூரம் அதிகம். கரையோரத்துப் பிள்ளையின் பேச்சைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பதும், மீன் மணக்கிறது என்று தள்ளி இருப்பதும், சாதியைச் சொல்லாமல் சொல்லி ஒதுக்குவதும் நமது வகுப்பறைகளில் நடந்தவை. இன்று நடப்பதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல யாராலும் முடியாது. கூத்தும் அதே கண்ணால்தான் பார்க்கப்பட்டது. படியாத சனத்தின் ஆட்டம் என்று படித்தவர்கள் ஒதுக்கி வைத்த காலம் ஒன்று இருந்தது.

அந்தப் பார்வையை மாற்றிய பெரியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். கிராமங்களைத் தேடிப் போனார். அண்ணாவிமாரை மரியாதையோடு மேடைக்கு அழைத்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த மன்னார்க் கூத்துகளைப் பதிப்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலிவதை ஆகியவற்றைத் தயாரித்தார். பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகள் நடப்பதற்கும் அவரே காரணமானவர். பல்கலைக்கழக மாணவன் ஒருவன் கிராமத்து அண்ணாவியாரிடம் கைகட்டி நின்று தாளம் பழகினான் என்றால் அதில் கலை மட்டும் கைமாறவில்லை. யார் ஆசிரியர், யார் மாணவர் என்ற ஒழுங்கே அங்கு தலைகீழாயிற்று. ஓர் ஊரின் அறிவை மதித்தால் அந்த ஊரின் பிள்ளையையும் மதிக்கப் பழகுவோம் என்று நான் நம்புவது இதனால்தான்.

கூத்து மரபு சும்மா கிடக்கவுமில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அந்தக் காலத்தில் என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தான்கூத்துப் பாணியில் ஆடினார்கள். கோயிலுக்குள் விடாத சாதிக் கொடுமையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சனத்தின் முன் வைத்தது ஒரு கூத்து. மேடைப் பேச்சைக் கேட்கப் போகாதவர்களும் கூத்துப் பார்க்கப் பாயோடு போனார்கள்.

அடுத்த தலைமுறையில் குழந்தை ம. சண்முகலிங்கம் வந்தார். நாங்கள் எல்லோரும் குழந்தை மாஸ்ரர் என்று சொல்லுகிற அந்த மனிதர் 1978இல் உருவான நாடக அரங்கக் கல்லூரியின் உயிர்நாடி. சிறுவர்களுக்காக அவர் எழுதிய 'கூடி விளையாடு பாப்பா'வில் தொடங்கிப் பிள்ளைகள் பாடியும் ஆடியும் கதை சொல்லும் சிறுவர் அரங்கு யாழ்ப்பாணப் பாடசாலைகளில் வேர்விட்டது. மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் நாடகங்களுக்குப் பழகியிருந்த பாடசாலை மேடையில் பிள்ளை பிள்ளையாகவே நிற்க முடிந்தது அப்போதுதான். போர் மனங்களுக்குள் ஏற்படுத்திய காயத்தைப் பற்றி 1991இல் 'அன்னை இட்ட தீ' எழுதினார். பிள்ளைகள் வெளிநாடு போய்விடத் தனித்துப் போன தாய் தகப்பனைப் பற்றி 'எந்தையும் தாயும்' எழுதினார். அந்த நாடகங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் தங்கள் அப்பு ஆச்சியை வேறு கண்ணால் பார்த்திருப்பார்கள். மாஸ்ரர் 2025 சனவரியில் நம்மை விட்டுப் போனார். அவர் எழுதிய நாடகங்களைப் பாடசாலைகள் திரும்ப எடுத்து ஆடுவதைவிடப் பெரிய அஞ்சலி இல்லை.

குருநகருக்குக் கிட்டவே பிரதான வீதியில் திருமறைக் கலாமன்றம் இருக்கிறது. நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடக்கியது. திருப்பாடுகளின் நாடகத்தில் தொடங்கிய அந்த மன்றம் கூத்து, இசை நாடகம், வார்த்தையில்லா நாடகம், 1990 முதல் 'கலைமுகம்' சஞ்சிகை என்று விரிந்தது. சமயம் பார்க்காமல் கலைஞர்கள் அங்கே கூடினார்கள். தென்னிலங்கையிலும் அதற்குக் கிளைகள் உருவாயின. சிங்களக் கலைஞர்களும் தமிழ்க் கலைஞர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். 2021 ஏப்ரல் முதலாம் திகதி, பெரிய வியாழனன்று அடிகளார் மறைந்தார். பெரிய வியாழனும் வெள்ளியும் யேசுவின் பாடுகளை மேடையேற்றியே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு அந்த நாள் வாய்த்தது.

திருப்பாடுகளின் நாடகத்தைப் பற்றி ஒரு சொல். யூதாசாக நடிக்க யார் வருவார்? கரையோர ஊர்களில் அதற்கும் ஆள் வருவார். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனின் வேடத்தைப் போட்டு, முப்பது வெள்ளிக்காசை எறிந்துவிட்டு அழுகிற அந்த மனிதனைப் பார்த்து முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள். குற்றவாளிக்காகவும் ஒரு துளி கண்ணீர் விட அந்த மேடை அவர்களைப் பழக்கியிருக்கிறது.

கிழக்கே மட்டக்களப்புக்குப் போவோம். கலையின் வழியாகப் பிள்ளைகளை ஒன்றுசேர்த்த முயற்சிகளில் நம் நாட்டில் எனக்குத் தெரிந்த மிக அழகானது 1996இல் அங்கே தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. கனடாவைச் சேர்ந்த போல் ஹோகன் என்ற ஓவியரும், இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளும் அதை உருவாக்கினார்கள். ஹோகன் அதற்கு முன்னர் ரொறன்ரோவில் மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றின் வளவில் ஒரு தோட்டம் அமைத்திருந்தார். உடற்குறையுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து மண்ணைப் பிசைந்து, வர்ணம் பூசி, கதை கட்டி விளையாடும் இடம் அது. அந்த அனுபவத்தைப் போரில் அடிபட்ட மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1990க்குப் பிறகு தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று பார்த்து நடுங்கிய காலம். அடுத்த ஊர்ப் பிள்ளையின் பெயரே தெரியாமல் அந்த ஊரை வெறுக்கப் பழகிய பிள்ளைகள். அவர்களைப் பேருந்தில் ஏற்றி ஒரே தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒற்றுமையைப் பற்றி அங்கே யாரும் பிரசங்கம் செய்யவில்லை. களிமண் இருந்தது, வர்ணம் இருந்தது, மரங்கள் இருந்தன, கதை இருந்தது. ஒரு பிள்ளை தொடங்கிய கதையை மற்றப் பிள்ளை வளர்த்தது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாம்பையோ படகையோ செய்து முடிக்க வேண்டுமென்றால் கதைத்துத்தான் ஆகவேண்டும். சண்டை பிடித்தாலும் பிறகு சமாதானமாகித்தான் ஆகவேண்டும். கூத்துக் கொட்டகையில் இரண்டாம் இராசாவை ஏந்தும் முதலாம் இராசாவுக்கும் இதே விதிதான்.

இவையெல்லாம் நல்ல எண்ணத்தில் பிறந்த கதைகள், பயன் தந்ததற்குச் சான்று என்ன என்று கேட்கும் வாசகர்களும் இருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பாடசாலைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிக்குக் கூடுதலான கலைப் பயிற்சியைக் கொடுத்துப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2019இல் வெளியான முடிவில், கலை கிடைத்த பாடசாலைகளில் ஒழுக்க மீறல்கள் குறைந்திருந்தன. எழுத்துத் திறனும் பிறர்மேல் இரக்கமும் கூடியிருந்தன. கூடிய அளவு பெரிதென்று சொல்ல மாட்டேன், ஆனால் கூடியது உண்மை. தலியா கோல்ட்ஸ்டீன், எலன் வினர் என்ற இரு உளவியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. ஓராண்டு நடிப்புப் பயின்ற பிள்ளைகளையும் வேறு கலைகளைப் பயின்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். நடிப்புப் பயின்றவர்களிடம் பிறர் உணர்வை உணரும் தன்மை கூடியிருந்தது. இன்னொருவராக மாறி நிற்கும் பயிற்சிக்குத் தனிச் சக்தி உண்டு என்பதை நமது அண்ணாவிமார் ஆய்வு இல்லாமலே கண்டிருந்தார்கள்.

அப்படியானால் நமது பாடசாலைகளில் ஏன் அது நடக்கவில்லை? கலை இல்லாமல் இல்லை. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று அழகியல் பாடங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. க.பொ.த. உயர்தரத்திலும் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். தமிழ்த் தினப் போட்டியில் நாட்டுக்கூத்து, வில்லுப்பாட்டு, நாடகம் எல்லாம் உண்டு. என் மனக்குறை அவற்றை நாம் நடத்தும் விதத்தில். போட்டிக்கு என்று வந்தவுடன் நன்றாகப் பாடுகிற பத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிறோம். மற்றவர்கள் கதிரை தூக்கவும் கைதட்டவும் நிற்கிறார்கள். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று மேலே போகப் போக மேடை சிறுக்கிறது. திக்குவாய்ப் பிள்ளைக்கு அதில் இடம் இல்லை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு இடம் இல்லை, பயந்த பிள்ளைக்கு இடம் இல்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வந்தால் சித்திரப் பாடவேளையையும் கணிதத்துக்கு வாங்கிக்கொள்கிறோம். பின்னேரங்களை ரியூசன் விழுங்கிவிடுகிறது. கலையைப் பரிசுக்கும் புள்ளிக்கும் அடகு வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் இரக்கம் இல்லை என்று கூட்டத்தில் எழுந்து பேசுகிறோம். இது நியாயமில்லை.

கூத்துக்குள்ளும் கதவு அடைத்த இடங்கள் இருந்தன என்பதையும் சொன்னால்தான் நான் நேர்மையாக எழுதியதாகும். பெண் வேடத்தை ஆண்களே போட்டார்கள். பெண்கள் பார்வையாளர் பக்கத்தில் இருந்தார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த வேடம் என்பதைச் சாதியும் அந்தஸ்தும் தீர்மானித்த ஊர்கள் உண்டு. மரபு என்பதற்காக இதையும் அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்துவிட முடியாது. மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் சீலாமுனைக் கிராமத்து மக்களோடு இருந்து செய்த கூத்து மீளுருவாக்கம் இங்கே வழிகாட்டும். வெளியிலிருந்து வந்து திருத்தி எழுதிக் கொடுக்காமல், ஆடுகிற மக்களே உட்கார்ந்து பெண் பாத்திரங்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் கதைத்து, எதை வைப்பது, எதை மாற்றுவது என்று முடிவெடுத்த முயற்சி அது. சிறுவர் கூத்துகளும் அதிலிருந்து பிறந்தன.

யாழ்ப்பாணத்துக்கும் தீராத கணக்கு ஒன்று உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். குருநகரிலிருந்து அவர்கள் வாழ்ந்த சோனகத்தெரு எட்டிப் பார்க்கிற தூரம். திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளும் குருநகர்ப் பிள்ளைகளும் ஒரு நாடகத்தில் ஒன்றாக நின்றால் என்ன? இரண்டு ஊரும் வீட்டை விட்டு நடந்த ஊர்கள். ஒருவர் மூட்டை கட்டிய கதையை மற்றவர் நடித்துக் காட்டட்டும்.

சிங்களப் பிள்ளைகளோடும் நமக்கு மேடை உறவு இருக்கிறது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர தயாரித்த 'மனமே' சிங்கள அரங்கின் பெருமை. அது தழுவிய நாடகம என்ற வடிவம் நமது கூத்தின் வழியே, கத்தோலிக்க மக்கள் கையால் தெற்கே போனது. இதைச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அந்நியராகப் பார்க்க மாட்டார்கள்.

இனி வகுப்பறைக்கு வருவோம். பெரிய செலவு எதுவும் தேவையில்லை. குருநகர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமட்ட இழுவைமடியை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இழுவைமடியை நம்பிக் கடன் எடுத்துப் படகு வாங்கியவர்கள் அந்த ஊரில் உண்டு. வலை அறுந்துபோய்க் கரையில் நிற்கும் சிறுதொழிலாளியும் உண்டு. இழுவைப் படகுக்காரரின் மகன் சிறுவலைக்காரராக நடிக்கட்டும். சிறுவலைக்காரரின் மகள் படகுக் கடனைக் கட்ட முடியாமல் நிற்கும் தாயாக நடிக்கட்டும். பிறேசிலைச் சேர்ந்த அகுஸ்தோ போவால் வளர்த்த ஒரு முறையில், நாடகத்தை நடுவில் நிறுத்தி, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையையே மேடைக்கு அழைத்து, நீ என்றால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். அப்படிக் கேளுங்கள். சரியான விடை எது என்று ஆசிரியர் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் அதைப் பற்றிக் கதைப்பார்கள்.

கைதடியில் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை இருக்கிறது. கோண்டாவிலில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிவபூமிப் பாடசாலை இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை உணவுப் பொதியோடு போய்ப் படம் எடுத்துவிட்டு வருவதை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வார்த்தையில்லா நாடகம் பழகிப் பாருங்கள். கையாலும் முகத்தாலும் பேசுவதில் காது கேளாத பிள்ளைதான் அங்கே ஆசான். நமது பிள்ளைகள் மாணவராக நிற்கும் அனுபவம் அவர்களுக்கு வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் நடந்த துயரத்தைச் சொல்லு, நடித்துக் காட்டு என்று எந்தப் பிள்ளையையும் நெருக்க வேண்டாம். அண்ணன் காணாமற்போன பிள்ளையிடம் காணாமற்போன அண்ணனின் கதையைக் கேட்பது கொடுமை. பிள்ளை இன்னொருவரின் வேடத்துக்குள் நின்று கொண்டு, விரும்பினால் தன் துக்கத்தைத் தொட்டுவிட்டு வரட்டும். விரும்பாவிட்டால் சேவகனாக நின்று ஓலை கொடுத்துவிட்டுப் போகட்டும். வேடம் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் பாதுகாப்பு அது. அழுகிற பிள்ளையைக் கண்டால் நிறுத்திவிட்டு, உளவளத்துணை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் ஊரில் 2015 முதல் நடந்த கலைவிழாவைப் பலர் அறிவீர்கள். கர்நாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் சபாக்களுக்குள் அடைபட்டிருந்த இசையைக் குப்பத்துக்குக் கொண்டுபோனார்கள். பறையும் கானாவும் கூத்தும் அதே மேடையில் ஏறின. 2016இல் கிருஷ்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. மனத்துக்கு நிறைவான முயற்சி. குருநகரின் நிலை ஒரு வகையில் இதைவிட நல்லது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. கலை அங்கேயே இருக்கிறது, அண்ணாவிமார் அங்கேயே இருக்கிறார்கள். நகரத்துப் பாடசாலைகள் அவர்களிடம் போய்ப் பழகினால் போதும்.

அதனால் இந்த மாதம் உங்களிடம் சில வேண்டுகோள்கள். அதிபர்களே, கிழமைக்கு ஒரு பாடவேளையை ஒதுக்கி உங்கள் ஊர் அண்ணாவியாரை வகுப்புக்கு அழையுங்கள். அவருக்கு ஆசிரியர் கதிரையைக் கொடுங்கள், போக்குவரத்துச் செலவையும் கொடுங்கள். போட்டிக்குப் போகாத ஒரு கூத்தை, வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளும் பங்கெடுக்கும் ஒரு கூத்தை, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆடுங்கள். பெற்றோரே, கூத்துப் பழகப் போன பிள்ளையை ரியூசனுக்கு நேரமாகிறது என்று பாதியில் கூப்பிட வேண்டாம். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களே, உங்கள் ஊர்ப் பாடசாலைக்கு ஒரு சோடி மத்தளமும் தாளமும் வாங்கிக் கொடுங்கள். அலுமாரியில் அப்புவின் பழைய கூத்துக் கொப்பி கிடந்தால் படியெடுத்துப் பாடசாலைக்குச் சேர்ப்பியுங்கள், மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் இரண்டாம் இராசாவாக நின்ற பிள்ளையைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், என்ன நடந்தது என்பது போதும். வந்தவற்றை அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்